கைமாற்றிவிட்ட தோற்பை

என் மனைவியிடம் ஒரு மரப்பெட்டி இருந்தது. பிறர் எங்களுக்கு அன்போடு கொடுத்து, எங்களுக்குச் சிறிதும் வேண்டாதனவாய்ப் போன பொருள்கள் எல்லாம் அதற்குள் தத்தம் முறைக்காகக் காத்திருந்தன. திருமணம், புதுமனை புகுதல், காதணி விழா என்று எங்கிருந்தாவது அழைப்பு வந்தால் அவள் அப்பெட்டியைத் திறந்து, அவ்வீட்டுக்கு எது தகும் என்று நெடுநேரம் எண்ணிப் பார்ப்பாள். வேண்டாத பரிசைக் கைமாற்றி விடுவதற்கு அவளிடம் முறைகள் இருந்தன. எந்த இலக்கண நூற்பாவைக் காட்டிலும் அவை கண்டிப்பானவை.

வந்த ஊரிலேயே ஒரு பொருளைக் கொடுத்தலாகாது. ஓராண்டு கழியுமுன் அதைப் பெட்டியினின்று எடுத்தலாகாது. கொடுத்தவர் போய்வரும் வீட்டுக்குள் அது நுழைதலாகாது. எங்கே வாங்கியது என்று எவரேனும் கேட்டால் தொலைவிலுள்ள உறவினர் ஒருவரைச் சொல்ல வேண்டும். அவர் காலமானவராயின் இன்னும் நலம். பாத்திரத்தில் பெயர் வெட்டியிருந்தால் அதை மாற்றவே இயலாது. இதனை அறிந்தே எங்கள் ஊரில் சிலர் தம் பெயரைச் சொம்பின் கழுத்தைச் சுற்றிச் சுவரொட்டி போலப் பெரிதாக வெட்டிக் கொடுத்தனர்.

இவை யாவற்றினும் தலையாயது, கொடுக்குமுன் உள்ளும் புறமும் பார்த்தல். எந்தப் பொருளையும் அவள் கவிழ்த்துப் பார்ப்பாள், தட்டிப் பார்ப்பாள், உள்விளிம்பில் விரலை ஓட்டுவாள். ஒருமுறை ஒரு வெற்றிலைப் பெட்டியின் அடித்தட்டில், முன்பின் அறியாத ஒருவருக்கு மற்றொருவர் எழுதிய திருமண வாழ்த்துச் சீட்டு மடித்தபடி கிடந்ததைக் கண்டெடுத்தாள். அப்பெட்டி எங்களை வந்தடைந்தபோது குறைந்தது மூன்று வீடுகளையேனும் கண்டிருந்தது. கடைசி முறை ஒன்றும் உண்டு. கொடுத்ததைத் திரும்பக் கேட்டலாகாது.

இவற்றையெல்லாம் பெண்களின் வீண் நுணுக்கம் என்று நான் நகையாடியதுண்டு.

அக்காலத்தில் நான் ஆம்பூரில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியனாக இருந்தேன். வாரத்தில் இரு மாலைப்பொழுதுகள் ஒரு தோல் வணிகரின் மண்டிக்குச் சென்று அவருக்குத் தமிழ் எழுதக் கற்பித்து வந்தேன். ஐம்பது வயதைக் கடந்தவர். ஊரார் அவரைச் சாயபு என்றே அழைத்தனர். பேச்சில் அவர் எவருக்கும் இளைத்தவரல்லர். எழுத்து என்று வந்தால் மட்டும் பிறரை எதிர்பார்க்க வேண்டியிருந்தது. தம் பெயரில் வரும் கடிதத்தை இன்னொருவன் வாய்வழியாகக் கேட்பது தமக்கு வெட்கமாக இருக்கிறது என்று முதல் நாளே சொன்னார். தோலை விரித்துத் தடவிப் பழகிய பெரிய கைகள். எழுதுகோல் அவற்றுள் ஒரு துரும்பைப் போல மறைந்து போகும். ஓராண்டுக் காலம் உயிரெழுத்தோடும் மெய்யெழுத்தோடும் அவர் மல்லுக்கட்டினார்.

அந்த ஆண்டின் முடிவில் அவர் எனக்கு ஒரு பை தந்தார். அவருடைய தொட்டிகளிலேயே ஆவாரம்பட்டையில் பதனிட்ட ஆட்டுத்தோலால் தைத்தது, வைக்கோலின் நிறம், மேலே கவிந்து மூடும் ஒரு மடிப்பு, பித்தளைக் கொக்கி. பழந்துணியில் சுற்றித் தம் கையாலேயே கொடுத்தார். நான் இரு விரல்களால் வாங்கிக்கொண்டேன்.

சைவ உணவு உண்ணும் குடும்பம் எங்களுடையது. என் தந்தையார் ஏட்டுச் சுவடிகளைப் பட்டுத் துணியில் கட்டி வைத்தவர். தோல் பட்ட கையைக் கழுவாமல் நூலைத் தொடவிடார். ஊர் முழுவதும் தோலால் உண்டு உடுத்தது; காற்றிலேயே பட்டையின் மணமும் சுண்ணாம்பின் மணமும் கலந்திருந்தன; எனினும் எங்கள் வீட்டு நிலைப்படிக்கு உள்ளே தோல் வந்ததில்லை. பையைக் கண்டதும் என் மனைவி சமையலறை வாயிலிலேயே நின்றுவிட்டாள்.

“இன்னாங்க இது, மாட்டுத் தோலா?”

ஆட்டுத்தோல் என்றேன்.

“எதுவா இருந்தா இன்னா. உள்ள வராது.”

ஆகவே அது புழக்கடையில், மாட்டுக் கொட்டிலின் ஆணியில், சுற்றிய துணியோடு தொங்கிற்று. மரப்பெட்டியில் பாத்திரங்களோடு அதை வைக்க இயலாது. ஓராண்டு காக்கலாமென்றால் எலி விடாது. அவள் அதைத் தொடாதவள். ஆதலால் கவிழ்த்துப் பார்க்கவும் இல்லை, உள்விளிம்பில் விரலை ஓட்டவும் இல்லை. நானும் அந்த மடிப்பைத் தூக்கிப் பார்க்கவில்லை. எங்கள் வீட்டில் உள்ளே பார்க்கப்படாமல் வெளியே போன பரிசு அது ஒன்றுதான்.

அதற்கிடையில் சாயபு இருமுறை கேட்டார்.

“இன்னா வாத்தியாரே, பைய தொறந்து பாத்தீங்களா?”

பார்த்தேன் என்றும், தையல் மிக நேர்த்தியாக இருக்கிறது என்றும் சொன்னேன். அவர் என் முகத்தையே சற்று நேரம் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டு எழுதும் பலகையை எடுத்தார். வெளியூர்ப் பயணத்துக்கென்று அதைப் போற்றி வைத்திருப்பதாகவும் சேர்த்துச் சொன்னேன்.

எங்கள் பள்ளியில் பூகோளம் கற்பித்தவர் என்னிலும் ஏழெட்டு ஆண்டு இளையவர். இராணிப்பேட்டைப் பக்கத்துக் கிறித்தவர். அவருடைய தந்தையார் தோல் தொட்டிகளில் உழைத்து மகனைப் படிக்க வைத்தவர் என்பதை எல்லாரும் அறிவோம், அவரும் மறைத்ததில்லை. அவரிடம் நைந்த துணிப்பை ஒன்றே இருந்தது. தோல் அவருக்குப் பொருந்தும் என்று எண்ணினேன். அவ்வெண்ணத்தில் எத்துணைச் சிறுமை இருந்தது என்பதை அன்று நான் அளக்கவில்லை. ஒரே ஊர், ஒரே பள்ளி, வேண்டாம் என்று என் மனைவி தடுத்தாள். சாயபு பள்ளிப் பக்கம் வந்ததே இல்லை என்று சொல்லி அவள் வாயை அடைத்தேன்.

ஆசிரியர் அறையில் வேறொருவரும் இல்லாத நேரத்தில் பையைக் கொடுத்தேன். வேலூரில் என் மைத்துனர் வாங்கி வந்தது என்றும், என்னிடம் ஒன்று முன்னரே இருக்கிறது என்றும், என் மனைவியின் முறைப்படியே பொய் சொன்னேன். அவர் துணியைப் பிரித்தார். கட்டைவிரலால் தோலை ஒருமுறை அழுத்தித் தேய்த்தார். முதுகுப் பக்கத்துத் தோல், நல்ல கெட்டி என்று தமக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு கொக்கியைக் கழற்றி மடிப்பைத் தூக்கிப் பார்த்தார். பார்த்தவர் அசையாமல் நின்றார்.

“இத எனக்கா குடுக்கிறீங்க, அய்யா?”

உமக்கேதான் என்றேன்.

“சரிங்க அய்யா” என்று மடிப்பை மூடினார். நன்றி என்று இன்னும் நாலு சொல் சொல்லியிருக்கலாமே என்று எனக்குச் சிறிது மனக்குறை. மகிழ்ச்சியில் வாயடைத்துப் போனார் போலும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

ஒரு மாதம் சென்றது. பை மாறத் தொடங்கிற்று.

ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் வெயில் படப்பட நிறம் ஏறும். வைக்கோலாக இருந்தது மெல்ல மெல்லச் செம்மை கலந்து தேனாயிற்று. அவர் சனிக்கிழமைதோறும் புங்க எண்ணெயைத் துணிமுனையில் தொட்டுத் தடவுவாராம். விறைப்பாக நின்ற பை அவர் இடுப்பின் வளைவுக்கு இணங்கிப் படிந்தது. காலையில் பள்ளி வாயிலில் அவர் நுழையும்போது இளவெயில் அதன்மேல் பட்டு நிற்கும். தலைமையாசிரியர் ஒருநாள் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, சீமைச் சரக்கா என்று கேட்டார். கணக்காசிரியர் அதைப்போல் ஒன்று தமக்கும் தைத்துத் தரச் சொல்லி வேலூருக்கு ஆளனுப்பினார். எங்கே வாங்கினீர் என்று கேட்ட எல்லாரிடமும் அவர், “நம்ம பண்டிதரய்யா குடுத்தாரு” என்றார். அதற்குமேல் ஒரு சொல் இல்லை.

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தனர். அப்பார்வையில் எனக்கு எந்தப் பெருமையும் கிடைக்கவில்லை. இத்துணை அழகிய பொருளை வேண்டாம் என்று விட்டவன் எவன் என்று பார்ப்பதாகவே எனக்குப் பட்டது.

அது என் பொருள். புழக்கடையில் துணி சுற்றித் தொங்கியபோது அதை நான் ஒருமுறையும் நினைத்ததில்லை. அவர் தோளில் ஏறியபின் நினையாத நாளில்லை. பாடம் நடத்திக்கொண்டிருப்பேன், அடுத்த வகுப்பில் கொக்கி கழலும் ஓசை கேட்கும், சொல்ல வந்த சொல் மறந்து போகும். என் கையிலிருந்த துணிப்பை திடீரென்று எனக்கே இழிவாகத் தோன்றிற்று. தந்தையாரின் சுவடிகள், எங்கள் குடும்பத்து நெறி, எல்லாம் அந்தத் தேன்நிறத்தின் முன் நில்லாது ஒழிந்தன.

அவர் அதை வைத்துக்கொள்ளும் முறையே எனக்கு எரிச்சலூட்டிற்று. மடிப்பு உள்ள பக்கத்தை உடலோடு அணைத்தே நடப்பார். அறைக்குள் வந்தால் மற்றவர்களைப் போல் மேசைமேல் வைத்துத் திறக்கமாட்டார். சுவர்ப்பக்கம் திரும்பி நின்று, மடிப்பைச் சிறிதே தூக்கி, நூலை எடுத்துக்கொண்டு உடனே மூடுவார். புதையலைக் காப்பவரைப் போல. என்ன செருக்கு என்று எண்ணினேன். என் பொருளை எனக்கே காட்டாமல் மறைக்கிறாரே என்று வயிறு எரிந்தேன்.

கேட்டு வாங்க இயலாது. என் மனைவி வகுத்த கடைசி முறை குறுக்கே நின்றது. அவராகத் திருப்பித் தந்தால் மட்டுமே அது என்னிடம் வரும். அதற்காக நான் செய்த சிறுமைகளை இங்கே முழுவதும் எழுத விரும்பவில்லை. வெயிற்காலத்தில் தோல் தோளை அறுக்குமே என்று பரிவு காட்டினேன். ஆமாம் அய்யா, கொஞ்சம் அறுக்கும்தான் என்றார். மழைக்காலத்தில் தோல் ஊறிக் கெடுமே என்றேன். எண்ணெய் போட்டிருக்கிறேன், ஊறாது என்றார். வாலாசாப்பேட்டையிலிருந்து மூடியும் பூட்டும் உள்ள தகரப்பெட்டி ஒன்று வரவழைத்து அவருக்கு அளித்தேன். நூல்கள் அதில் நன்றாக அடங்கும் என்று இருமுறை சொன்னேன். மிக்க மகிழ்ச்சியோடு வாங்கிக்கொண்டு, அதில் சுண்ணக்கட்டிகளைப் போட்டுவைத்தார். பை அவர் தோளிலேயே இருந்தது.

வீட்டில் என் மனைவிக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தகரப்பெட்டி போன அன்று கேட்டாள்.

“குடுத்த பொருளுக்கு மேல இன்னொன்னு குடுத்தீங்களே, ஜாஸ்தி பிரியமா அவர்மேல?”

நான் கட்டுரை ஏடுகளைத் திருத்த உட்கார்ந்தேன்.

அவ்வாண்டுப் பரிசளிப்பு விழாவுக்குச் சாயபு வந்து பரிசு வழங்குவதாக முடிவாயிற்று. அதை நான் அறிந்தது விழாவுக்கு இரண்டு நாள் முன்னர்தான். பை தந்த பின்னும் ஓராண்டாக வாரத்துக்கு இருமுறை அவரைக் காண்கிறேன். பை நலமாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே வந்திருக்கிறேன். இனி அவர் பள்ளிக்கு வருவார். தம் தோலை எங்கே கண்டாலும் அறிவார். அது பூகோள ஆசிரியரின் தோளில் இருக்கும். விழா நாளில் பூகோள ஆசிரியரை விடுப்பு எடுக்கச் செய்ய வழியுண்டா என்றுகூட எண்ணினேன்.

விழாவன்று காலை அவர் என்னை நிலப்படங்கள் வைக்கும் சிறிய அறைக்கு அழைத்தார். கதவைச் சாத்தினார். பையிலிருந்த தம் நூல்களை எடுத்துப் பலகைமேல் அடுக்கி, வெறும் பையை என் முன் நீட்டினார்.

“இன்னிக்கி இத நீங்க மாட்டிக்கினு வாங்க, அய்யா. சாயபு வர்றாரு.”

பை சாயபு தந்தது என்பது எப்படி உமக்குத் தெரியும் என்று கேட்க வாயெடுத்தேன். அவர் மடிப்பைத் தூக்கிக் காட்டினார்.

மடிப்பின் உட்புறத்தில், மூலையில், அந்தத் தோல் மண்டியின் முத்திரை. அதன் கீழே கறுப்பு மையில், எறும்பு நடந்தாற்போல் கோணிய பெரிய எழுத்துகளில் இரண்டு வரிகள். என் வாத்தியாருக்கு. நானே எழுதியது.

அந்த எழுத்துகளை நான் எங்கே கண்டாலும் அறிவேன். ஒவ்வொன்றின் வளைவையும் நானே கைபிடித்துத் திருத்தியிருக்கிறேன். பலகையன்றி வேறொன்றின்மேல் அவர் எழுதிய முதல் எழுத்து அது.

“கொடுத்த அன்றே இதைப் பார்த்தீரா?”

“பாத்தேன் அய்யா. அப்பவே திருப்பிக் குடுத்தா உங்களுக்குச் சங்கடமாப் பூடும். வெளிய தெரிஞ்சா சாயபுக்குச் சங்கடம். அதான் யார் கண்ணுலயும் படாம வெச்சிருந்தேன்.” சற்று நிறுத்தினார். “நீங்க ஒரு வார்த்த கேட்டிருந்தா என்னிக்கோ குடுத்திருப்பேன்.”

சுவர்ப்பக்கம் திரும்பி நின்று அவர் பையைத் திறந்த அத்தனை நாள்களும் என் கண்முன் வந்தன. மைத்துனர், வேலூர் என்று நான் சொன்ன பொய்யைக் கேட்டுக்கொண்டே அவர் இவ்வரிகளைப் படித்திருக்கிறார். நான் நாணியிருக்க வேண்டும், நாணினேன்தான். ஆயினும் பையைத் தோளில் மாட்டிக்கொண்ட அந்த நொடியில் நாணத்தைக் காட்டிலும் முந்திக்கொண்டு வந்தது மகிழ்ச்சி.

விழா முடிந்து, மற்ற ஆசிரியர்கள் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தபோது சாயபு முற்றத்தில் நேரே என்னிடம் வந்தார். கேளாமலே பையைத் தோளிலிருந்து எடுத்துக்கொண்டார். விரலால் தோலைக் கிள்ளினார், மூக்கருகே வைத்து முகர்ந்தார், மடிப்பைத் தூக்கினார். தம் எழுத்தின் ஓரமாய் விரலை ஓட்டினார்.

“எண்ணெய் போட்ட கை நல்ல கை, வாத்தியாரே. எழுத்துமேல ஒரு சொட்டு படாம, சுத்தி ஒரு விரல் எடம் விட்டுப் போட்டிருக்கு. எங்க ஆளுங்களுக்கே இது வராது. யார் போட்டது?”

பூகோள ஆசிரியர் நான்கடி தள்ளி, கையில் சுருட்டிய நிலப்படத்தோடு நின்றார். அவர் பெயரைச் சொல்ல எனக்கு ஒரு நொடி இருந்தது. சாயபுவின் கண்கள் அவர் பக்கம் திரும்புவதையும், அந்தப் பெரிய கை அவர் தோளைத் தட்டுவதையும், நான் கற்பித்த எழுத்தைக் காத்தவர் அவர் என்று ஊர் பேசுவதையும் அந்த ஒரு நொடியிலேயே கண்டேன்.

“நானே” என்றேன்.

“அப்போ வாத்தியார் வேலைய வுட்டுட்டு நம்ம மண்டிக்கு வந்துடுங்க” என்றார் சாயபு. அவரோடு வந்திருந்த மண்டிக்காரர்கள் சிரித்தனர். பூகோள ஆசிரியரும் சிரித்தார். அச்சிரிப்பில் ஏதேனும் குத்தல் இருக்குமோ என்று துருவிப் பார்த்தேன். இல்லை. இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்று மாலையே பையை அவரிடம் திருப்பித் தந்திருக்கலாம். தரவில்லை. அவரும் கேட்கவில்லை, மறுநாள் அந்தப் பழைய நைந்த துணிப்பையோடு வந்தார். நான் தோற்பையை வீட்டுக்குள்ளேயே கொண்டுபோய், என் நூல்கள் இருந்த அறையில் மாட்டினேன். தோல் உள்ளே வந்ததைப் பற்றி என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. வேறொன்று சொன்னாள்.

“பைய வாங்கிட்டீங்க. அவருக்கு இன்னா குடுத்தீங்க?”

தகரப்பெட்டி கொடுத்திருக்கிறேனே என்றேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இரண்டு மாதங்களில் பை என் கையில் வறளத் தொடங்கிற்று. மடிப்பின் விளிம்பில் வெள்ளையாய்ச் சிறு வெடிப்புகள் கண்டன. பூகோள ஆசிரியர் ஒருநாள் அதைக் கண்டு, எண்ணெய் போட்டுத் தரட்டுமா என்று கேட்டார். வேண்டாம், எனக்குத் தெரியும் என்றேன். நான் சொன்ன பொய்யை மெய்யாக்கிவிட வேண்டும் என்ற வெறி எனக்கு இருந்தது. அவர் ஏற்றிய பளபளப்பைக் காட்டிலும் ஒருபடி மேலாக ஏற்றிக் காட்ட வேண்டும். ஒரு சனிக்கிழமை முற்பகல் புங்க எண்ணெயைக் கிண்ணத்தில் வார்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். துணிமுனையால் தொடவில்லை, உள்ளங்கையால் அள்ளித் தேய்த்தேன். தோல் குடிக்கக் குடிக்க ஊற்றினேன். மாலையில் பார்த்தபோது தேன்நிறம் போய், பை முழுவதும் கருங்காலி போல் கறுத்திருந்தது. உட்புறத்தில் கறுப்போடு கறுப்பாய் இரண்டு வரிகளும் அமிழ்ந்து போயிருந்தன. வெயிலில் சாய்த்துப் பார்த்தேன். சுண்ணம் தூவித் துடைத்தேன். மண்டியின் முத்திரை மட்டும் விரலுக்குத் தட்டுப்பட்டது.

அந்த எழுத்தை நான் கண்ணால் கண்டது சில முறையே. பை கிடைத்த பெருமிதத்தில் அதைத் திறந்து உட்கார்ந்து படிக்க நான் நேரம் ஒதுக்கியதில்லை. என் மாணவர் எனக்கென்று எழுதியதை ஏறத்தாழ ஓராண்டுக் காலம் நாள்தோறும் படித்தவர் பூகோள ஆசிரியர்தான். பை என்னிடம் இருக்கிறது. அந்த ஓராண்டு அவரிடம் இருக்கிறது. அதை எண்ணும்போது இன்றும் என் நெஞ்சில் பழைய எரிச்சலே மூள்கிறது, முன்னையினும் மிகுதியாக.

திங்கட்கிழமை பள்ளிக்குப் பையைக் கொண்டு போனேன். எண்ணெயின் வாடை எனக்கு முன்னே அறைக்குள் நுழைந்தது. பூகோள ஆசிரியர் மேசையருகே அமர்ந்து நிலப்படம் ஒன்றின் கிழிசலை ஒட்டிக்கொண்டிருந்தார். நான் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று, மடிப்பைச் சிறிதே தூக்கி, என் நூலை எடுத்துக்கொண்டு உடனே மூடினேன். திரும்பியபோது அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையைக் குனிந்து, பசையைத் தொட்டு, கிழிசலின் எஞ்சிய பகுதியை ஒட்டத் தொடங்கினார்.